இரண்டு வடக்கு

சிதம்பரத்து நடுப்பகலை ஜன்னலோடு அடைத்துவிட்ட ஆய்வறையில், நூலில் தொங்கும் காந்தத்தின் குட்டிக் கண்ணாடி சுவரில் ஒரு வெளிச்சப் பொட்டை வைத்திருக்கிறது. பேராசிரியர் தட்சிணாமூர்த்தி மூச்சை அடக்கி அதையே பார்க்கிறார். உருவான அன்றைய வடக்கைப் பாறை மறப்பதில்லை. திட்டக்குடி நிலப்பிளவின் இருபுறக் கற்களும் ஒரே திசையைக் காட்டினால், நிலம் திரும்பவில்லை. திரும்பவே இல்லை என்று அவர் எழுதிய புத்தகத்தை நாளை மந்திரி வெளியிடுகிறார். காந்தத்தின் அருகே வைத்த மேற்குக் கல்லுக்குப் பொட்டு நடுக்கோட்டில் நின்றது. கிழக்குக் கல்லுக்கோ, யாரோ விரலால் தள்ளுவதுபோல் ஒரு சாண் இடப்பக்கம் ஊர்கிறது. “கிட்ட எங்கயோ இரும்பு இருக்குய்யா!” சாவிக்கொத்து, கைக்கடிகாரம், ஆணியடித்த பூட்ஸ், பெல்ட் எல்லாம் வராந்தாவுக்குப் போகின்றன. பேன்ட்டை ஒரு கையால் பிடித்தபடி பேராசிரியர் வெறுங்காலில் நிற்கிறார். லேப் உதவியாளர் ஜமாலுதீன் கல்லை மறுபடி வைக்கிறார். பொட்டு ஊர்ந்து அதே இடத்தில் போய் நிற்கிறது. “மூக்குக்கண்ணாடிதான் சார் பாக்கி,” என்கிறார் ஜமாலுதீன் பணிவாக. “அதுலயும் கம்பி இருக்குதுங்களே.” பேராசிரியர் கழற்றிக் கொடுக்கிறார். இப்போது அவர் கண்ணுக்குப் பொட்டு மங்கி, தட்டு அளவுக்குப் பெரிதாகி, அங்கேயே நிற்கிறது.