இட்ட உரம்

உரக்கடைகள் மூடிப் பதினோரு வருடம் ஆகிறது. புதுச் சோளத்துக்கு உரம் தேவையில்லை. மண்ணில் மணிச்சத்து என்னும் பாஸ்பரஸ் எங்கே கிடந்தாலும் அதன் வேர் தேடிப் போய், தன் செல்களின் கதவைத் திறந்து உள்ளே இழுத்துக்கொள்ளும்.

வேடியப்பனின் காட்டில் கிழக்கு வரப்போரம் நான்கடி நீளத்துக்கு மட்டும் பயிர் ஆள் உயரம் தாண்டிக் கரும்பச்சையாக நின்றது. பார்வையிட வந்த வேளாண் அதிகாரி அசந்துபோனார்.

"இங்க மட்டும் என்ன உரம் போட்டீங்க?"

வேடியப்பன் தலை குனிந்துகொண்டான். அவன் மனைவி மாதம்மாள்தான் பேசினாள்.

"வரப்புக்கு அந்தப் பக்கம் எங்க பொண்ணப் பொதச்சிருக்கோம் சார். ஆறு வயசு. தள்ளித்தான் வெதச்சோம். வேரு வரப்பப் பாக்குமா? எலும்புல இருக்கறதும் அதே சத்துதான்னு உங்காளுங்க போன வாரம்தான் கூட்டத்துல சொன்னாங்க."

அதிகாரி வரப்புக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு, "இங்க முன்ன வெளஞ்ச சோளத்த என்ன பண்ணீங்க?" என்றார்.

"மூணு வருஷமா அவ நெனவு நாளுக்கு இதுலதான் களி கிண்டிப் படைச்சோம். படைச்சிட்டு நாங்கதான சார் தின்னோம்?"

அதிகாரி படிவத்தை எடுத்தார். 'இட்ட உரம்' என்ற கட்டத்தில் 'ஏதுமில்லை' என்று எழுதினார்.