பத்தொன்பது நொடி

"பத்தொன்பது நொடி!" என்று கத்தினார் ஆசன்பெக். "என் கடை, என் கம்ப்யூட்டர். நானே வாசல்ல பத்தொன்பது நொடி நிக்கணுமா?"

பிஷ்கேக்கில் கம்பளிச் செருப்பு தைத்து, இணையம் வழியாக ஜெர்மனிக்கும் கனடாவுக்கும் விற்கும் முதலாளி அவர். நேற்று வரை பொத்தானை அழுத்திய விரலை எடுப்பதற்குள் கடையின் இணையப் பக்கம் வந்து நிற்கும். இன்று காலையிலிருந்து முதலில் வெறும் வெள்ளை. பிறகு ஒரு செருப்பு, பட்டை பட்டையாக, சோம்பல் முறித்துக்கொண்டு இறங்கியது.

மிர்லான் ஓடி வந்தான். அந்த அலுவலகத்தில் பிரிண்டர் முதல் தேநீர்க் கெண்டி வரை பழுது பார்ப்பவன். முதலாளியை அங்கே எல்லாரும் 'பைகே', அதாவது அண்ணே, என்றுதான் கூப்பிடுவார்கள்.

"லைன்ல கோளாறா?"

"இல்ல பைகே. மத்ததெல்லாம் பறக்குது. நம்ம பக்கம் மட்டும்தான் இப்படி. யாரோ வேணும்னே கை வச்சிருக்காங்க."

"எவனா இருந்தாலும் இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பறேன். நாள் பாத்து வச்சிருக்கான் பாரு!"

நாள் அப்படிப்பட்ட நாள்தான். ஹாம்பர்கில் பன்னிரண்டு கடை வைத்திருக்கும் அன்னகே அம்மாள் நாலாயிரம் ஜோடி வாங்குவதா வேண்டாமா என்று இன்று மாலை முடிவு சொல்வதாக எழுதியிருந்தாள். வாங்கினால் கீழ்த்தளத்தில் தைக்கும் முப்பது பெண்களுக்கு மார்ச் வரை வேலை உண்டு. இல்லாவிட்டால் சனிக்கிழமையோடு சரி.

அதே கடிதத்தில் இன்னொரு வரியும் இருந்தது: 'உங்கள் பக்கம் எனக்குச் சரியாகத் திறக்கவில்லை. கவனியுங்கள்.'

போன வாரம் கடிதம் வந்தபோது அதைப் படித்துவிட்டு ஆசன்பெக் சிரித்தார். "வெள்ளைக்காரங்களுக்குப் பொறுமையே கிடையாது. இங்க பாரு, கண் இமைக்கறதுக்குள்ள திறக்குது!"

சொன்னது பெகிமாயிடம். இணையதளத்தைக் கவனித்துக்கொள்பவள் அவள்தான். ஆறு மாதமாக இரண்டே இரண்டு விஷயம் கேட்டுக்கொண்டிருந்தாள். படங்களைச் சுருக்க வேண்டும். ஜெர்மனியில் வாடகைக்கு இடம் எடுத்து, தளத்தின் ஒரு பிரதியை அங்கே வைக்க வேண்டும்.

"என் சரக்கைக் கொண்டுபோய் ஜெர்மன்காரன் வீட்டுல வைக்கிறதா? சர்வர் இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம், என் கண் பார்வையில இருக்கு."

"அதனாலதான் பைகே உங்களுக்கு மட்டும் சீக்கிரம் திறக்குது."

"படத்தைச் சின்னதாக்கணுமாம்! விருந்தாளி முன்னால சின்னத் துண்டு கறியை எந்த வீட்டுல வச்சுப் பாத்திருக்கே? கம்பளியில ஒவ்வொரு இழையும் தெரியணும்."

"விருந்தாளி இன்னும் வாசல்லயே நிக்கறாங்க. கதவே திறக்கல."

"உனக்கு வாய் மட்டும் சீக்கிரம் திறக்குது."

அது அன்றைய பேச்சு. இப்போது ஆசன்பெக்குக்குப் பொறி தட்டியது.

"பெகிமாயைக் கூப்பிடு!"

அவள் வந்தாள். கேட்கும் வரைகூடக் காத்திருக்கவில்லை.

"நான்தான் பைகே."

"பாத்தீங்களா!" என்று மிர்லான் துள்ளினான். "எனக்கு அப்பவே தெரியும்."

"சம்பளம் குடுத்ததுக்கு நல்ல மரியாதை! என்னடி பண்ணினே?"

"சர்வரைத் தொடல. உங்க கம்ப்யூட்டர்ல மட்டும் ஒரு சின்ன மாத்தம். ஹாம்பர்க்ல உக்காந்து பாத்தா நம்ம பக்கம் எப்படித் திறக்குமோ, இன்னிக்குக் காலையிலேருந்து உங்களுக்கும் அப்படித் திறக்குது. ரெண்டு வருஷமா அவங்க பாக்கற கடை இதுதான் பைகே."

 கீழே தையல் இயந்திரங்கள் ஓடும் சத்தம் கேட்டது. மிர்லான் சுவரைப் பார்த்தான்.

ஆசன்பெக் திரும்பி இன்னொரு முறை அழுத்தினார். வெள்ளை. மேசையில் விரலால் தாளம் போட்டார். உச்சுக் கொட்டினார். கை தானாகவே போய்ப் பக்கத்தை மூடப் பார்த்தது.

"பன்னெண்டு நொடிதான் ஆச்சு" என்றாள் பெகிமாய். "அங்க வாங்க வர்றவங்கள்ல பாதிப் பேர் நாலு நொடியிலயே போயிடறாங்க."

கையை எடுத்துக்கொண்டார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். செருப்பு முழுதாக இறங்கி முடியும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னகே அம்மா சாயங்காலம்தான் பாப்பாங்க" என்றாள் பெகிமாய் மெல்ல. "நீங்க சரின்னா ரெண்டு மணி நேரத்துல எல்லாத்தையும் முடிச்சுடுவேன்."

"புரியுது" என்றார் ஆசன்பெக். குரல் தழைந்திருந்தது. "உக்காந்து பாத்தாத்தான் தெரியுது. ஒரு மனுஷனை இப்படிக் காக்க வைக்கறது பாவம். இனி ஒரு நிமிஷம்கூடத் தள்ளக் கூடாது. முதல்ல இதைச் சரி பண்ணு."

விரல் அவருடைய கம்ப்யூட்டரைக் காட்டியது.

பெகிமாய் குனிந்து, தான் செய்த மாற்றத்தை எடுத்துவிட்டாள். அவர் அழுத்தினார். பக்கம் பளிச்சென்று வந்து நின்றது. அவர் முகமும் அப்படியே.

"இதோ! ஒரு நிமிஷ வேலை. இதுக்கா ஆறு மாசமா என் உயிரை எடுத்தே?" மிர்லானின் முதுகில் ஓங்கித் தட்டினார். "பாத்தியா, ஒரு அதட்டுப் போட்டாத்தான் இங்க வேலை நடக்குது."

"பைகே, இது உங்களுக்கு மட்டும்தான்..."

"போதும். உன்னை வேலையை விட்டு அனுப்பல, அதுக்கு சந்தோஷப்படு. உக்காந்து ஹாம்பர்குக்கு ஒரு கடிதம் அடி."

தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமிச் சொல்லத் தொடங்கினார்:

"மதிப்பிற்குரிய அம்மையாருக்கு, எங்கள் பக்கத்தில் இருந்த கோளாறு இன்று என் நேரடி மேற்பார்வையில் முழுமையாகச் சரிசெய்யப்பட்டுவிட்டது. இனிமேலும் தங்களுக்குத் தாமதமாகத் திறந்தால், தயவுசெய்து தங்கள் கம்ப்யூட்டரைப் பழுது பார்த்துக்கொள்ளவும்."