திறப்பு விழா ஆகாத வெள்ளி

“சார், இன்னும் நாலே நாளுதான். அப்புறம் வெள்ளி சூரியனோட போய் மறைஞ்சிடும். புள்ளைங்க ஒரு தரம் பாத்துக்கட்டுங்க சார்” என்றாள் மணிமொழி டீச்சர்.

தலைமையாசிரியர் நாராயணசாமி மேற்கே பார்த்தார். அந்தி வானத்தில் வெள்ளி ஜம்மென்று ஜொலித்தது. அது தேய்வதாக அவருக்குத் தெரியவில்லை.

போன மாதம் அது தடித்த பிறையாக இருந்திருக்குமாம். இப்போது மெல்லிய கீற்றாம். எல்லாம் புத்தகத்தைப் பார்த்து டீச்சர் சொன்னதுதான். யாரும் கண்ணால் பார்க்கவில்லை.

மலைமேல் இருக்கும் கரியாலூர் பள்ளிக்கு வந்த புதுத் தொலைநோக்கி சிவப்பு ரிப்பன் கட்டி மைதானத்தில் நின்றது.

“திறப்பு விழா ஆவாத பொருள்ல கண்ணு வெக்கலாமா டீச்சர்? கீழ ரோடு பூரா மரத்த வெட்டிப் போட்டுக்கினு மறியல் பண்றானுங்க. சிறப்பு விருந்தினர் இன்னா, பறந்தா வருவாங்க?”

முறை என்றால் அவருக்கு முறைதான். நூலக பீரோ ஐந்து வருடமாக ஒரு மந்திரிக்காகப் பூட்டிக் கிடந்தது. கடைசியில் கரையான்தான் அதைத் திறந்து வைத்தது.

இந்த விழாவுக்கு ரோஸ் தாளில் அழைப்பிதழ் அடித்து, டீக்கடை வரைக்கும் கொடுத்தாகிவிட்டது. ஒரு மாதமாகத் தினமும் சாயங்காலம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

பஸ் வந்தது. யாரும் இறங்கவில்லை.

“மரம் கெடக்குதா தங்கதுரை?” என்று கண்டக்டரைக் கேட்டார்.

“மரமா? அதெல்லாம் எடுத்துப் பத்து நாளாவுது சார். திருக்கோவிலூர் வரைக்கும் வண்டி ஜோரா ஓடிக்கினுதான் இருக்குது.”

மணிமொழி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பஸ்ஸின் சக்கரத்தைப் பார்த்தார்.

“கீழ போறேன். தபால் எதுனா இருக்குதுங்களா சார்?”

அவர் கை சட்டைப்பைக்குப் போனது.

உள்ளே ஒரு அழைப்பிதழ் உறை. ஒரு மாதமாக அங்கேதான் இருக்கிறது. தபால்தலை ஓரம் கிளம்பி, வியர்வையில் மை கசிந்திருந்தது. நாலு வருடத்துக்கு முன்னால் ‘இனிமே என் வாசப்படி மிதிக்காதே’ என்று அவர் விரட்டிவிட்ட மகள் நர்மதாவின் பெயர். பக்கத்தில், அன்றிலிருந்து அவர் வாயால் சொல்லாத மருமகனின் பெயர். மேலே, கொட்டை எழுத்தில்: சிறப்பு விருந்தினர்.

“ஒண்ணும் இல்லப்பா” என்றார்.

விசில் கொடுக்கக் கண்டக்டர் வாயைக் குவித்தபோது, நாராயணசாமி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“நாளைக்கும் வருவ இல்ல?”