அத்தை குரலுக்கு ஒரு வெளிச்சம்

என் வளைகாப்பில் வளையல் போட்டு முடித்ததும் வயிற்றில் ஸ்கேன் பட்டையைக் கட்டினார்கள். இப்போதெல்லாம் அதுவும் சடங்குதான். சுவர்த் திரையில் குழந்தையின் மூளை தெரிந்தது. ஏழாம் மாதம், வழவழப்பாக இருந்த மேற்பரப்பில் மடிப்புகள் விழத் தொடங்கியிருந்தன.

ஒவ்வொருவராகக் குனிந்து பேசினார்கள். ஒவ்வொரு குரலுக்கும் திரையில் மூளையின் ஓர் ஓரம் மின்னியது. சேலத்திலிருந்து வந்திருந்த நாத்தனார் கோகிலவாணிக்குத் திரையே மஞ்சளானது.

"பாத்தீங்களா அண்ணி, அத்தைன்னா என்ன துள்ளு துள்ளுது!"

கடைசியாக நான் பேசினேன். எதுவும் எரியவில்லை. தனியாக இருந்த நேரமெல்லாம், யாரிடமும் சொல்லாததை எல்லாம் இதனிடம்தானே சொல்லிக்கொண்டிருந்தேன்? ஒன்றுமே போய்ச் சேரவில்லையா? கண்ணீர் முட்டியது.

பட்டை கட்டிய நர்ஸ் செலின் சிரித்துவிட்டாள். "அழாதீங்கக்கா. பழகுன குரலுக்கு மூளை அலட்டிக்காது. விருந்தாளிக்குத்தான் லைட்டு."

கோகிலவாணியின் முகம் சுருங்கியது. நாற்காலியை என் வயிற்றருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என் குரலுக்கும் அந்த லைட்டு அணையற வரைக்கும் நான் ஊருக்குப் போறதா இல்ல அண்ணி."