கோழி அறுக்க ஓர் ஆள்

"மோனே, கொஞ்சம் நில்லு. இந்தக் கோழிய அறுத்துக் கொடுத்துட்டுப் போ."

வேலிப் படலைத் திறக்கப் போன சைதலவியின் கை அப்படியே நின்றது. கதீசும்மா கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இன்னொரு கையில் கத்தியோடு வாசலில் நின்றிருந்தார். மலப்புறத்துப் பக்கம் ஆண் துணை இல்லாத வீட்டில் கோழி அறுக்க வேண்டுமென்றால், பெண்கள் இப்படித்தான் வாசலுக்கு வந்து நிற்பார்கள். வழியில் போகிற ஆண்பிள்ளை யாராக இருந்தாலும் அல்லாஹ்வின் பெயரால் என்று பிஸ்மி சொல்லி அறுத்துக் கொடுத்துவிட்டுத்தான் போவான். மாட்டேன் என்று யாரும் சொல்வதில்லை.

ஆனால் சைதலவி வழிப்போக்கன் இல்லை. இந்த வீட்டைத் தேடித்தான் வந்திருந்தான்.

கதீசும்மாவின் ஒரே மகன் ஜலீலைக் கொன்றவன் அவன். இருவரும் சவூதியில் ஒரே அறையில் தங்கி, ஒரே ஓட்டலில் சமையல் வேலை பார்த்தவர்கள். ஒரு நாள் வாய்ச்சண்டை முற்றியபோது, வெங்காயம் நறுக்கிய கத்தி சைதலவியின் கையில் இருந்தது. அங்கே அவன் தலை போயிருக்க வேண்டும். பெற்றவள் மன்னித்தால் உயிர் மிஞ்சும் என்பது அந்த ஊர்ச் சட்டம். ஒரு காசு வாங்காமல் கதீசும்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அவருடைய கூடப் பிறந்தவர்கள் வற்புறுத்திப் போட வைத்தார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு. சிறைவாசம் முடிந்து திரும்பியதிலிருந்து அந்தப் பேச்சு அவனைத் தூங்க விடவில்லை. காகிதத்தில் கிடைத்த மன்னிப்பு போதாது. அந்த வாயால் 'பொறுத்தேன்' என்று ஒரு வார்த்தை வேண்டும். அதற்காகத்தான் வந்தான். அவனை அவர் இதற்கு முன் கண்டதில்லை.

"வேற யாரையாவது கூப்பிடுங்க உம்மா. நான் கத்தியத் தொட்டு ரொம்பக் காலமாச்சு."

"அப்ப அவசரப்பட மாட்டே. அதுதான் வேணும். பிடி."

கத்தி அவன் கைக்கு வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்க வந்தவனிடம் கத்தியைக் கொடுத்தால் அவன் என்னதான் செய்வான்? அவர் பின்னால் நடந்தான்.

கோழிக்கூட்டைத் தாண்டிக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனார். "மத்ததுங்க பாக்கக் கூடாது. அதுங்களுக்கும் எல்லாம் தெரியும்."

சிரட்டையில் தண்ணீர் வைத்தார். கோழி நிதானமாகக் குடித்தது.

"கத்திய முதுகுக்குப் பின்னால வை. அதுக்குக் காட்டாதே. பயந்துக்கிட்டே சாகக் கூடாது பாரு."

ஜலீல் கத்தியைப் பார்த்தான். பார்த்துக்கொண்டேதான் விழுந்தான்.

"கை நடுங்குதே மோனே."

"ஆமா உம்மா."

"நடுங்கினா அதுக்கு வலிக்கும். மூச்ச இழுத்து விடு. நான் பிடிச்சுக்கறேன்."

இறக்கையையும் காலையும் சேர்த்துப் பிடித்து, தொழும் திசையான கிப்லா பக்கமாகத் திருப்பினார். அவர் விரல்களுக்குப் பக்கத்திலேயே அவன் கத்தி. சைதலவி பிஸ்மி சொல்லி ஒரே இழுப்பில் அறுத்தான். ரத்தம் தென்னை மூட்டில் வடிந்தது. கோழியின் துடிப்பு முழுசாக அடங்கும் வரை கதீசும்மா பிடியைத் தளர்த்தவும் இல்லை, அவசரப்படவும் இல்லை.

"நோகாமப் போச்சு" என்றார் கடைசியில்.

சைதலவியின் கண் நிறைந்துவிட்டது. "உம்மா, நான் ஒண்ணு சொல்லணும்."

"வெந்நீர் ஆறிடும். முதல்ல இறகைப் பிடுங்கு."

முக்கி எடுத்துப் பிடுங்கினான். அவர் காய்ந்த ஓலையைக் கொளுத்தி, மிச்சமிருந்த பூமுடியை வாட்டினார். பிறகு அரிவாள்மணையில் வயிற்றைக் கீறிக் குடலை எடுத்தார்.

"உம்மா..."

"இரு. பித்தப்பை உடைஞ்சா கறி பூராக் கசந்துடும். பேச்சுக் கொடுக்காதே."

எந்த ஊர், என்ன பேர் என்றுகூட அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். இப்போது சொன்னால் இந்தக் கறியைத் தூக்கி நாய்க்குப் போட்டுவிடுவார். சொல்லாமல் போனால், மகனைக் கொன்ற கை அறுத்ததை ஒன்றும் தெரியாமல் சாப்பிடுவார். செய்த பாவம் போதாதென்று இது வேறா என்று நினைத்தான். சொல்லிவிடுவது என்று எழுந்து நின்றான்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு சுலேகா குடத்தோடு கிணற்றடிக்கு வந்தாள். அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன கூத்து இது இத்தா? இந்த ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் கோழியத் தூக்கிக்கிட்டு உங்ககிட்டதான் வர்றோம். பொம்பள அறுக்கலாம்னு பள்ளிவாசல் முஸ்லியார்கிட்டயே வழக்காடி ஜெயிச்ச ஆளு, இன்னிக்குப் போயி ஒரு ஆம்பளயப் பிடிச்சு அறுக்க வச்சிருக்கீங்களே?"

கதீசும்மா கறியை அலசிச் சட்டியில் போட்டுவிட்டு, தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தார்.

"சாயாக்கடையில ஜலீல் வீட்டுக்கு நீ வழி கேட்டப்பவே எனக்குச் சேதி வந்துடுச்சு. அவன் பேரச் சொல்லிக்கிட்டு இனிமே வேற யாரு வரப் போறா? கையக் கழுவிட்டு உள்ள வா, சைதலவி. நீ அறுத்தத உன் முன்னாடியே உக்காந்து நான் சாப்பிட்டாத்தான், பொறுத்தேன்னு நான் சொல்றத நீ நம்புவே."