ரிவர்ஸ் வாத்தியார்

பின்னால் எடுக்கும்போது ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தால், லாரியோடு கோத்திருந்த டிரெய்லர் இடப்பக்கம் போனது. ஏன் என்பது அவளுக்குப் பிடிபடவே இல்லை.

பின்னால் இரண்டு கம்பங்கள். ஒன்று ஏற்கெனவே சாய்ந்திருந்தது. இடிக்காமல் நடுவே நிறுத்தினால் தேர்வில் பாஸ், நாளை முதல் டிரைவர் வேலை. இதுதான் கடைசி வாய்ப்பு.

"வலது பக்கம் ஒடி!" வேலிக்கு வெளியே நின்று கத்தினார் கணவர். "டிரெய்லர் வலது பக்கம் போகணும்னா ஸ்டியரிங்கும் வலது பக்கம்தானே? இதுகூடவா தெரியாது?"

"மெதுவாச் சொல்லுங்க, ஊரே கேக்குது."

"கேட்டுக் கத்துக்கட்டும்!"

வலப்பக்கம் ஒடித்தாள். டிரெய்லர் சாய்ந்த கம்பத்தை நோக்கிப் போனது. சட்டென்று பிரேக் அடித்தாள். கண்ணாடியில் கம்பத்தைப் பார்த்தாள். அப்படியே கணவரையும் பார்த்தாள். லேசாகச் சிரித்துக்கொண்டு, வண்டியை முன்னால் எடுத்து மறுபடி ஆரம்பித்தாள்.

"வலது! வலது! இப்போ இடது!" கணவருக்குத் தொண்டை வறண்டது.

மேசைக்குள் இழுப்பறை நுழைவதுபோல டிரெய்லர் கம்பங்களுக்கு நடுவே போய் நின்றது.

தேர்வு நடத்திய அதிகாரி ஓடி வந்தார். "வேலை உங்களுக்குத்தான்மா! யாரு சொல்லிக் குடுத்தது?"

"இவர்தான் சார்."

கணவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"இவரா? காலைல இதே தேர்வுல அந்தக் கம்பத்தைச் சாய்ச்சவரே இவர்தானேம்மா!"

"ஆமா சார். அதான் இவர் வலதுன்னா இடது பக்கம் ஒடிச்சேன், இடதுன்னா வலது பக்கம் ஒடிச்சேன். டிரெய்லர் நேரா உள்ள போயிடுச்சு."