திமிங்கலம் பார்த்துத் திரும்பியவர்கள்

இரண்டு நாள் கடற்கரை விடுமுறை. லூமுட்டில் திமிங்கலம் பார்க்கப் படகேறியவர்கள் பன்னிரண்டு பேர். மதீசனும் அவன் மனைவி சுபாஜினியும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். சிலிபினில் வீட்டைப் பூட்டும்போதே தொடங்கிய சண்டை. திமிங்கலம் வரவேயில்லை.

கரை சேர்ந்ததும் படகோட்டி தாவூத் தலைகளை எண்ணினார். பதின்மூன்று.

“கூட இருந்தா பரவால்லலா. கொறஞ்சாதான் பிரச்சினை.”

வழக்கம்போல் மதீசன் திரும்பிப் பார்க்காமல் காருக்கு நடந்தான். சுபாஜினி பின்னாலேயே வந்து ஏறினாள். திரும்பும் வழியில் ஆயர் தாவார் வரை சிரித்துச் சிரித்துப் பேசினாள். ஆரஞ்சு உரித்து அவன் வாயில் வைத்தாள். பதினோரு வருடத்தில் முதல் தடவை.

கைப்பேசி அடித்தது. திரையில் சுபாஜினியின் பெயர்.

“ஒண்ணுக்கு வருதேன்னு தண்டாஸுக்குப் போய்ட்டு வரதுக்குள்ள எங்க போய்ட்டீங்க? படகு ஏறுன எடத்துலயே நிக்கிறேன்லா.”

பக்கத்தில் இருந்தவள் அடுத்த சுளையை நீட்டினாள்.

அவன் கைப்பேசியை அணைத்துவிட்டு வாயைத் திறந்தான்.